வாடிக்கையாளர் நிறுவனத்துக்கே வேலைக்குப் போகலாமா?

கேள்வி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 4 வருடம் 10 மாதமாக வேலை செய்கிறேன். கடைகளுக்குக் கணக்கு, சரக்கிருப்பு மென்பொருள் போட்டுக் கொடுத்துப் பராமரிக்கிறேன். வாரத்தில் இரண்டு தடவை போய்வரும் சுன்னாகத்து மொத்த வியாபார நிறுவனம் ஒன்று, கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டிருக்கிறது. “நீரும் ஒருக்கா போட்டுப் பாருமன்” என்கிறார் அங்குள்ள முகாமையாளர். முதலாளிக்கு முதலே சொல்ல வேண்டுமா? (வாசகர், கொக்குவில்)

பதில்: விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டிய கடதாசிகள் இரண்டு.

ஒன்று உங்கள் நியமனக் கடிதம். விலகிய பின் இத்தனை மாதத்துக்கு வாடிக்கையாளரிடம் வேலை செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறதா, பயிற்சிக்காகப் பிணை ஏதும் எழுதிக் கொடுத்தீர்களா, விலக எத்தனை நாள் அறிவித்தல் வேண்டும் என்று பாருங்கள். அப்படியொரு தடை எழுதியிருந்தால், அதன் காலமும் எல்லையும் நியாயமானவையா என்பதில்தான் வழக்கு நிற்கும். கையெழுத்திட்டதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

மற்றது உங்கள் நிறுவனமும் சுன்னாகத்துக்காரரும் செய்த பராமரிப்பு ஒப்பந்தம். அது உங்கள் கைக்கு வராது. சிக்கல் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்: ‘எங்கள் ஊழியரை இழுக்கக் கூடாது, எடுத்தால் இத்தனை மாதச் சம்பளத்தை எங்களுக்குத் தர வேண்டும்’ என்ற மாதிரி ஒரு வரி. பொது விளம்பரம் பார்த்துத் தானாக வந்தவருக்கு இது பொருந்தாது என்று சில ஒப்பந்தங்களில் விலக்கும் இருக்கும். அதனால் விளம்பரத்தைத் திகதியோடு வெட்டி வைத்து, அதில் சொன்ன முகவரிக்கே விண்ணப்பத்தை அனுப்புங்கள். முகாமையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால், அவர் கூப்பிட்டு நீங்கள் போனதாகத்தான் அது தெரியும். ஒப்பந்தத்தைப் பார்த்து, தடை இல்லையென்று உறுதி செய்யும்படி அவரிடமே கேளுங்கள். கொடுக்க வேண்டிய பணம் இருந்தால் அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க மாட்டோம் என்பதும் எழுத்தில் வரட்டும்.

முதலாளிக்கு எப்போது சொல்வது? விண்ணப்பிக்கும்போதே சொல்லக் கடமை இல்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் இரண்டு முதலாளிமார் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும், கதை முடிந்தது. நேர்முகத் தேர்வு நல்லபடி முடிந்து சம்பளமும் பேசியானதும், அவர் இன்னொருவர் வாயால் கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். விலகல் கடிதத்தை மட்டும் புதிய நியமனக் கடிதம் கையெழுத்தோடு வந்த பிறகே கொடுங்கள்.

அலுவலக மடிகணினியில் சுயவிபரக் கோவை அடிப்பதும், சுன்னாகத்துக்குச் சேவைக்குப் போன நேரத்திலேயே நேர்முகம் கொடுப்பதும் வேண்டாத வேலை. சொந்த லீவு போடுங்கள். ‘மற்றக் கடைகளிடம் உங்கட ஆக்கள் எவ்வளவு வாங்குகினம்?’ என்று அங்கே கேட்டால் சொல்லாதீர்கள். வெளியிடாத வியாபாரத் தகவலுக்கு 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

உங்கள் கேள்வியில் நீங்கள் கேட்காத பெரிய விஷயம் அந்த 10 மாதம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, விலகுவதற்கு முந்திய 12 மாதத்தில் ஒரு நாளாவது 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில், 5 வருடம் பூர்த்தியானால் பணிக்கொடை உரித்து. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம். அடிப்படையும் வாழ்க்கைச் செலவுப்படியும் சேர்ந்து 84,000 ரூபா என்றால், 42,000 × 5 = 2,10,000 ரூபா. மேலதிக நேரக் கொடுப்பனவு இதில் சேராது. இரண்டு மாதம் முந்தினால் அவ்வளவும் போய்விடும். அறிவித்தல் மாதத்தையும் கூட்டி ஐந்து வருடம் வந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த மாதச் சம்பளத்தைக் கையில் தந்து இன்றே போ என்று முதலாளி சொல்லிவிட்டால் கணக்கு குழம்பும். ஐந்து வருடம் முடிந்த பிறகே கடிதம் கொடுங்கள். சுன்னாகத்தார் இரண்டு மாதம் பொறுப்பார்களா என்பதை நேர்முகத்திலேயே கேட்டுவிடலாம்.

பணிக்கொடை 30 நாளுக்குள் தரப்பட வேண்டும். வாடிக்கையாளரிடம் போனார் என்ற கோபத்துக்காக அதை நிறுத்த முடியாது. மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே செய்த சேதம் போன்றவற்றுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டால் மட்டுமே, அந்த நட்டத்தின் அளவுக்குப் பிடிக்கலாம். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள்.

போகும்போது கடவுச்சொற்கள், கடைக் கணினிகளுக்குத் தூர இருந்து நுழையும் வழிகள், திறப்புகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிப் பிரதி வைத்திருங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்தும் விலகுங்கள். பிறகு ஒரு கடையில் தரவு அழிந்தால் முதலில் உங்கள் பெயர்தான் அடிபடும்.

கேள்வி: வேலை மாறும்போது ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுக்கலாமா? (வாசகி, மானிப்பாய்)

பதில்: மாறுவதற்காக எடுக்க முடியாது. பழைய நிலுவை அங்கேயே இருக்கும், புதிய முதலாளி தன்னிடம் திறக்கும் உங்கள் கணக்கில் சம்பளத்திலிருந்து உங்கள் 8 வீதத்தையும் தன் 12 வீதத்தையும் கட்டுவார். முதலாளி கட்டும் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) 3 வீதத்தை வேலை விட்டதும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறைதான். படிவத்தில் பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவியுங்கள். ஓரிடத்தில் தகப்பன் பெயர் முன்னும் இன்னோரிடத்தில் முதலெழுத்து மட்டுமாகவும் விழுந்தால், கணக்குகளைச் சேர்க்கும்போது சத்தியக்கடதாசி வரை அலைய வேண்டி வரும்.