ஒரு ஞாயிறு, ஒரு மலை

அன்புள்ள ஐயா,

நாங்கள் பள்ளியில் ஒன்றாகப் படித்த நான்கு நண்பர்கள். இப்போது மதுரையில் வெவ்வேறு வேலைகளில் இருக்கிறோம். சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து மலைகளில் நடந்துவிட்டு வருகிறோம். சென்ற வாரம் யானைமலை, அரிட்டாபட்டி, சமணர் மலை மூன்றையும் ஒரே நாளில் முடித்தோம். வீட்டில் வெட்டியாகச் சுற்றுவதாகச் சொல்கிறார்கள். இமயமலைக்குப் போக விடுப்பும் பணமும் இல்லாதவர்கள் இதைப் பயணம் என்று சொல்லிக்கொள்ளலாமா? எந்தக் காலணி நல்லது என்பதையும் கூறவும்.

கே., மதுரை

அன்புள்ள கே.,

காலணியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். இமயமலை எங்கும் போய்விடாது. வேலையும் கடனும் குழந்தைகளுமாக ஆளுக்கொரு திசையில் இழுபடும் வயதில் நான்கு பேர் ஒரு காலையைச் சேர்ந்து கழிக்க விரும்புவதே எனக்கு அத்தனை மகிழ்ச்சியளிக்கிறது. வீட்டாருக்கு அது பிறகு புரியும். ஆனால் ஒரே நாளில் மூன்று மலை என்ற கணக்கைப் படித்ததும் எரிச்சல் வந்தது.

சமணர் மலை நகருக்கு மேற்கே, அரிட்டாபட்டி வடகிழக்கே மேலூர்ப் பக்கம். அன்று நீங்கள் நடந்ததைவிட பைக்கில் உட்கார்ந்திருந்த நேரமே அதிகம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில் ஒரு வல்லூறைப் பார்க்க மணிக்கணக்கில் அண்ணாந்து காத்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

இளமையில் நானும் இரு நண்பர்களும் தேனிச் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டையில் இறங்கிச் சமணர் மலையடியில் இருக்கும் கீழக்குயில்குடிக்கு நடப்போம். தாமரைக் குளத்தங்கரையில், அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் சற்று இளைப்பாறிவிட்டுப் படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள், அவற்றின் கீழே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வட்டெழுத்து என்னும் பழந்தமிழ் எழுத்து. உச்சிவெயிலில் அங்கே வெறும் பாறைதான் தெரியும்; ஒளி சாய்ந்து விழும் பொழுதில் ஒவ்வொரு கீறலிலும் நிழல் தங்கி, எழுத்துத் துலங்கும். ஒருவன் எழுத்துக்கூட்டுவான், இன்னொருவன் மறுப்பான், மூன்றாமவன் எட்ட நின்று பார்த்துவிட்டு இரண்டு பேருமே தப்பு என்பான். சமணத் துறவி அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று கூறும் வரி எங்களுக்குப் பிடிபட ஒரு காலை முழுவதும் ஆயிற்று. அறிஞர்கள் எப்போதோ படித்துப் பதிப்பித்த வரிதான். ஆனாலும் தன் பெயரோடு மகனின் பெயரையும் கல்லில் வைத்த அந்தத் தாயை நாங்களே கண்டுபிடித்ததைப்போல மூவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். தனியாகப் போயிருந்தால் வெயில் ஏறியதும் இறங்கியிருப்பேன்.

ஆகவே அடுத்த ஞாயிறு ஒரே மலை; அதற்கடுத்த ஞாயிறும் அதே மலை. பைக்கை அடிவாரத்தில் கொண்டுபோய் நிறுத்தாமல் ஊருக்குள் நடந்து போங்கள். வழி தெரிந்திருந்தாலும் ஆடு மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்தச் சுனையில் நீர் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். எழுத்து தெரியவில்லை என்று அதன்மேல் சாக்பீஸால் கோடிழுக்கும் மேதாவிகள் சிலர் இருக்கிறார்கள். உங்களில் ஒருவர் அதைச் செய்தாலும் மற்ற மூவரும் அவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஏனென்றால் தப்பாக ஊகித்து இழுத்த கோடு அடுத்து வருபவனின் கண்ணையும் ஏமாற்றிவிடும். பிடிபடாவிட்டால் இறங்கி வந்து நால்வருமாக இட்லி சாப்பிடுங்கள். மார்கழியில் வெயில் வேறு சாய்வில் விழும்போது மறுபடி ஏறிப் பாருங்கள்.