ஐஸ் கட்டியை விடுங்கள், தீன் தட்டைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, அக்கராயன் பக்கம் வளவுக்குள் புதிதாக இரண்டு சீமெந்துத் தொட்டி கட்டி, கடலோரத்தில் பிடித்தவரிடம் வாங்கிய விலாங்குக் குஞ்சு முந்நூறு விட்டிருக்கிறேன். விரல் நீளம். தண்ணீர் முழங்காலளவு. கச்சான் காற்றுத் தொடங்கியதிலிருந்து மத்தியானத்தில் தண்ணீர் 35 பாகை காட்டுகிறது. ஒவ்வொரு நாளும் நாலைந்து சாகுது. ஐஸ் கட்டி போடலாமா? தீன் வாங்கும் கடைக்காரர் சூட்டுக்கு மருந்தென்று ஒரு போத்தல் தந்தார். ஊற்றவா?

பதில்: தம்பி, ஐஸ் வேண்டாம். மெல்ல மெல்ல 35க்கு ஏறிய தண்ணீரில் குஞ்சு தவிக்கும். அரைமணிக்குள் 28க்கு இறக்கினால் அதிர்ச்சியில் செத்தே போகும். மணிக்கு ஒரு பாகைக்கு மேல் மாற விடாதீர்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீரையும் நேரே திறக்கக் கூடாது, அதில் ஒட்சிசன் குறைவு. உயரத்திலிருந்து தூறலாக விழ விடுங்கள். மேலே கிடுகு போட்டு, மேற்குப் பக்கம் நிலம் வரை தொங்க விடுங்கள். வெயில் அந்தப் பக்கத்தால்தான் கூடுதலாக அடிக்கும்.

செத்ததை எந்த நேரம் எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீர் ஆறிக் கிடக்கும் விடியப்புறம் என்றால் சூடு மட்டும் காரணமில்லை. எவ்வளவு தீன், எத்தனை மணிக்கு என்பதும் கடிதத்தில் இல்லை. எனக்கு அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

25 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஒட்சிசன் கரையும். 35இல் 7 அளவுதான். அதே பத்துப் பாகைக்குள் குஞ்சுக்குத் தேவையான ஒட்சிசனோ ஏறத்தாழ இரட்டிக்கிறது. அடியில் அழுகும் மிச்சத் தீனும் அதில் பங்கு கேட்கும். அதோடு அமோனியா. பி.எச். என்பது தண்ணீரின் அமில, கார அளவு. அது 8 உள்ள தண்ணீரில், 25 பாகையில் அமோனியாவின் நூற்றில் 5 பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். 35இல் 10 பங்கு. புதுச் சீமெந்தின் காரம் பி.எச்.சை 9க்கு ஏற்றிவிட்டால் பாதிக்கு மேல் நஞ்சு. அந்த அமோனியா எங்கிருந்து வருகிறது? நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட தீனிலிருந்துதான்.

"நல்லாப் போடுங்கோ, கெதியா வளரும்" என்று சொல்லித் தீனை விற்பவரே பிறகு மருந்துப் போத்தலும் விற்கிறார். லேபிளில் என்ன மருந்து, எவ்வளவு என்று இல்லாத எதையும் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். தீனைக் குறைத்தால் ஒன்றையொன்று கடிக்கும் என்று பயமும் காட்டுவார்கள். பெரிதும் சிறிதும் ஒரே தொட்டியில் கிடந்தால் கடிக்கத்தான் செய்யும். ஒரு விடியப்புறம் அளவு பார்த்துப் பிரித்து விடுங்கள். விலாங்கு நாலைந்து நாள் பட்டினி தாங்கும். அழுகிய தண்ணீரை ஒரு இரவும் தாங்காது.

விலாங்கு இரவில் இரை தேடும் சீவன். பொழுதுபட்ட பிறகு, குழைத்த தீனைத் தட்டில் வைத்து இறக்குங்கள். இருபது நிமிடத்தில் தட்டைத் தூக்குங்கள். மிச்சம் இருந்தால் அடுத்த நாள் அவ்வளவைக் குறையுங்கள். தண்ணீர் 32 தாண்டும் நாட்களில் பாதித் தீன் போதும். 35 என்றால் அன்று ஒன்றும் வேண்டாம். ஜப்பானில் குளிருக்காகத் தண்ணீரைச் சூடாக்கி 28 பாகையளவில் வளர்க்கிறார்கள். அந்தச் சூட்டுக்கான தீன் கணக்குத் தீன் பையில் அச்சடித்திருக்கிறது என்பதற்காக வன்னி வெயிலில் அப்படியே அள்ளிப் போடாதீர்கள்.

இந்தக் குஞ்சுகளைக் கோழிக்குஞ்சு போலத் திரும்பப் பொரித்து எடுக்க முடியாது. கடலில் பிறந்து கரைக்கு வந்தவை. உங்கள் தொட்டியில் சாகும் ஒவ்வொன்றும் ஆற்றுக்கும் குளத்துக்கும் போயிருக்க வேண்டியது. அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன்.

இன்றிலிருந்து ஒரு கிழமைக்கு, விடிய ஐந்து மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் அடித்தண்ணீரின் சூட்டை அளந்து எழுதுங்கள். பக்கத்தில் பி.எச்., போட்ட தீன், செத்த எண்ணிக்கை, எடுத்த நேரம். அந்தத் தாளோடு அடுத்த கடிதத்தை அனுப்புங்கள்.