மகள் படிப்புப் பணத்தில் ஆர்எக்ஸ் 100 வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் வேலை பார்க்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தன் 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை 1.5 லட்சத்துக்குத் தருகிறார். பராமரிப்புக்கு வருடம் 8,000 ரூபாய் ஆகுமாம். பத்து வருடம் கழித்து மகளின் கல்லூரிச் செலவுக்கு என்று வைத்திருக்கும் பணம் கையில் இருக்கிறது. அதைப் போட்டு வாங்கினால், தங்கம் மாதிரி விலை ஏறும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: வண்டியை வாங்குங்கள், ஆனால் அந்தப் பணத்தில் வேண்டாம்.

1.5 லட்சத்தை 7% கூட்டு வட்டியில் போட்டால் பத்து வருடத்தில் சுமார் 2.95 லட்சம் ஆகும். வருடா வருடம் செலவாகும் 8,000 ரூபாயையும் அதே வட்டியில் போட்டால் இன்னொரு 1.1 லட்சம். வட்டிக்கான வரியை விட்டுவிட்டுப் பார்த்தால், வண்டி 4 லட்சத்தைத் தாண்டினால்தான் டெபாசிட்டை முந்தும். தாண்டவே தாண்டாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய வாரத்தில் அந்த விலைக்கு ஆள் வரவேண்டுமே! நகையை எந்த ஊர்க் கடையிலும் அன்றைக்கே காசாக்கலாம். வண்டி அப்படி இல்லை.

இந்த விலை எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 1985-ல் வந்த வண்டி, 1996-ல் உற்பத்தி நின்றுபோனது. வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன். அன்று அதன் இன்ஜின் சத்தத்துக்கு ஏங்கிய கல்லூரிப் பையன்கள் இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் கையில் காசோடு இருக்கிறார்கள். அவர்களுடைய ஏக்கம்தான் விலையாக நிற்கிறது. பத்து வருடத்தில் அவர்கள் அறுபதைத் தொடுவார்கள். உங்கள் மகள் வயதுப் பிள்ளைகளுக்கும் அதே ஏக்கம் வருமா?

சரி, ஆசை விடவில்லை என்றால், புது பெயின்ட்டுக்கும் குரோம் பளபளப்புக்கும் காசு கொடுக்காதீர்கள். பழகிய மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். பிஸ்டன் தேயும்போதெல்லாம் சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். ஒரு அளவுக்கு மேல் கடைய இடம் இருக்காது. இப்படி எத்தனை முறை கடைந்தது என்று கேளுங்கள். இன்ஜினுக்குத் தானாக ஆயில் கொடுக்கும் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிட்டு, பெட்ரோலில் கையாலேயே ஆயில் கலந்து ஓட்டுகிறார்களா என்றும் பாருங்கள். இதையெல்லாம்விட முக்கியம் ஆர்.சி. புக். இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டும் அதோடு ஒத்துப்போக வேண்டும், விற்பவர் பேரிலேயே இருக்க வேண்டும், அரசின் வாகனப் பதிவு இணையதளமான ‘வாகன்’-இல் ஏறியிருக்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

‘வின்டேஜ்’ என்று சொல்லி விலை ஏற்றினால் நம்பவேண்டாம். சட்டப்படி வின்டேஜ் பதிவுக்கு 50 வருடம் ஆகவேண்டும். இந்த வண்டிக்கு அது 2043. அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும் செலவும் பசுமை வரியும் உண்டு. இன்சூரன்ஸில் இவ்வளவு பழைய வண்டிக்கு மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்வார்கள். பேசிய தொகை பாலிசியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாதம் 5,000 தனியாக எடுத்து வையுங்கள். முப்பது மாதத்தில் 1.5 லட்சம் சேர்ந்துவிடும். அதற்குள் இந்த வண்டி கைமாறிப் போனாலும் இன்னொன்று கண்ணில் படாமல் போகாது.