பெரிய மணியைச் சலித்து விதைத்தால் மணி பருக்குமா?

கேள்வி: நான்கு வருடமாகச் சீரகச் சம்பா போடுகிறோம். விதை எங்கள் வயலில் எடுத்ததுதான். இந்த முறை நெல் ஒரே சீராக இல்லை, பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடக்கிறது. பெரிய மணிகளைச் சல்லடையில் பிரித்து விதைத்தால் அடுத்த பட்டத்தில் மணி பருக்குமா?

பதில்: பருக்காது. சல்லடையின் மேல் தங்குவதில் கலவன் நெல்தான், அதாவது வேறு ரகத்து நெல்தான் அதிகம் இருக்கும். அதை விதைத்தால் அந்தக் கலவனை நீங்களே பெருக்கியதாகிவிடும்.

ஒரு நெல்லை எடுத்து நகத்தால் உமியைப் பிரித்துப் பாருங்கள். படகு போன்ற இரண்டு ஓடுகள் இருக்கும். பெரியதில் ஐந்து நரம்பு, சிறியதில் மூன்று. விளிம்பில் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். அரிசி இந்தக் கூட்டுக்குள்தான் வளர முடியும். கூட்டின் அளவோ, கதிர் வெளியே தலை காட்டும் முன், தொண்டைக்கதிர்ப் பருவத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பூத்த பிறகு அரிசி முதலில் நீளத்தை எட்டும், அடுத்து அகலத்தை, கடைசியில் தடிமனை. அதனால்தான் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீரோ வெயிலோ குறைந்தால் நெல் நீளமாகவே இருந்தும் உள்ளே அரிசி சப்பையாகக் கிடக்கிறது.

உமி தாய்ச்செடியின் உறுப்பு. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் உமி தாயின் மரபணுப்படிதான் அமையும். ஆகவே ஒரே செடியில் விளைந்த எல்லா நெல்லுக்கும் உமியின் மரபு ஒன்றே. கதிரின் நுனிப்பக்கப் பூக்கள் முந்திப் பூத்துச் சத்தை இழுத்துக்கொள்கின்றன. அடிக்கிளைகளில் இருப்பவை பிந்திப் பூத்து அரைகுறையாக நிரம்புகின்றன. அங்கே காணும் பெரிது சிறிது மரபில் வந்ததல்ல, அதனால் அடுத்த தலைமுறைக்குப் போவதும் இல்லை. டென்மார்க்கில் ஜோகான்சன் என்ற தாவரவியலாளர் 1903-இல் அவரை இன விதைகளில் இதையே காட்டினார்: ஒரே தூய வழியில், அதாவது ஒரே செடியிலிருந்து தன்மகரந்தச் சேர்க்கையால் வந்த சந்ததியில், பெரிய விதையைத் தேர்ந்தாலும் சிறியதைத் தேர்ந்தாலும் சந்ததி மாறவில்லை.

மணி அளவை உண்மையில் மாற்றுபவை சில மரபணுக்கள். 3-ஆம் குரோமோசோமில் உள்ள ஜிஎஸ்3 நீளத்துக்குக் கடிவாளம். அதன் டிஎன்ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறிப் புரதம் பாதியில் நின்றுபோன ரகங்களில் மணி நீள்கிறது. சீன விஞ்ஞானிகள் 2006-இல் இதைக் கண்டறிந்தார்கள். ஜிடபிள்யூ2, ஜிடபிள்யூ5 இரண்டும் அகலத்துக்குக் கடிவாளம், செயலிழந்தால் மணி அகலும். பாஸ்மதியின் ஒல்லி உருவத்தில் ஜிடபிள்யூ8 மரபணுவின் குறைந்த செயல்பாட்டுக்குப் பங்கு உண்டு. இவை ரகத்தோடு வருபவை. உரம் போட்டு மாற்ற முடியாது.

எனவே தேட வேண்டியது பெரிய மணியை அல்ல, எல்லா மணியும் மாறியிருக்கும் செடியை. அறுவடைக்கு முன் வயலில் இறங்குங்கள். அப்படி ஒரு செடி கண்ணில் பட்டால் உயரம், பூத்த நாள், மணிமூக்கின் (நெல்லின் கூர்நுனி) நிறம், வாசனை ஆகியவற்றையும் பாருங்கள். உமி நீக்கிய பத்து அரிசியை ஸ்கேலில் நுனியோடு நுனி சேர்த்து நீளமும், பக்கத்தில் பக்கமாக வைத்து அகலமும் அளந்தால் வித்தியாசம் மில்லிமீட்டரில் தெரியும். அந்தச் செடியின் கதிரைத் தனியாக விதைத்து ஒரு வரிசையில் ஒற்றை நாற்றாக நடுங்கள். எல்லாச் செடியும் ஒரே மாதிரி வந்தால் வேறு ரகம் கலந்திருக்கிறது. கதிரடிக்கும் இயந்திரம், பழைய சாக்கு, போன பட்டத்தில் உதிர்ந்து முளைத்த நெல் என மூன்றில் ஒன்றாக இருக்கும். செடிக்குச் செடி மாறி வந்தால் அது வேறு ரகத்தின் மகரந்தம் சேர்ந்து இயற்கையாக நேர்ந்த ஒட்டு. நெல்லில் அது மிக அரிது.

விதையைச் சீராக்க, வரப்போரம் தவிர்த்து வயலின் நடுவில் ரகத்துக்குப் பொருந்திய 200 செடிகளை எடுங்கள். செடிக்கு ஒரு தாய்க்கதிர் போதும். ஒரு கதிருக்கு ஒரு வரிசை, ஒற்றை நாற்று, 20-க்கு 15 செ.மீ. இடைவெளி. பூக்கும்போதும் முற்றும்போதும் நடந்து பார்த்து, ஒரு செடி மாறினாலும் அந்த வரிசையை முழுதாக ஒதுக்குங்கள். அந்தச் செடியை மட்டும் பிடுங்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்வதுதான் பலரும் செய்யும் தவறு. மிஞ்சியதை ஒன்றாக அடித்தால் அதுவே உங்கள் மூல விதை. பக்கத்து ரகத்திலிருந்து 3 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

விதைக்கும்போது சல்லடையை விட உப்புக்கரைசல் மேல். 10 லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிலோ கல்லுப்பைக் கரைத்து, மிதக்கும் பதரையும் கருக்காயையும் அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும். கனமான விதை நாற்றுக்கு வலு தரும், மணி அளவை மாற்றாது. சீரகச் சம்பாவுக்கு விலை கிடைப்பதே அந்தச் சின்ன மணிக்குத்தான். பெரிய மணிதான் வேண்டுமென்றால் ரகத்தை மாற்றுங்கள்.