மூணாம் நாள் ராத்திரி ஷேரிங்ல யாருமே வாய் திறக்கல – பதில்

சர்ச் பிள்ளைங்க 18 பேர ஊழியப் பயணம் கூட்டிட்டுப் போன இடத்துல, மூணாம் நாள் ராத்திரி ஷேரிங்ல (அன்னிக்கு மனசுல பட்டத எல்லாரும் பகிர்ந்துக்கிற நேரத்துல) ஒருத்தரும் பேசல, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த ராத்திரி ஷேரிங்க தூக்கி மறுநாள் காலைல சாப்பிட்டதும் வைங்க, அதுவும் 18 பேரையும் வட்டமா உக்கார வெக்காம ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு. பிள்ளைங்களுக்கு விசுவாசம் குறைஞ்சிடுச்சோன்னு நீங்க பயப்படுறது தேவையில்லன்னு நினைக்கிறேன்.

பெரும்பாலும் தூக்கம்தான். 13லேர்ந்து 18 வயசு வரைக்கும் 8–10 மணி நேரம் தூங்கணும், நீங்க போட்டிருக்கிற டைம்டேபிள்ல 11 மணிக்கு லைட் ஆஃப், 5 மணிக்கு ஜெபம், நடுவுல பெயிண்ட் அடிக்கிறது, விபிஎஸ் (சின்னப் பிள்ளைங்களுக்கு நடத்துற விடுமுறை வேதாகமப் பள்ளி), ஸ்கிட்... நானே படுத்துடுவேன். மாற்கு 6ல இயேசு சீஷர்கள ரெண்டு ரெண்டு பேராத்தான் அனுப்பினாரு, திரும்பி வந்ததும் ரிப்போர்ட் கேட்டுட்டு, வாங்க கொஞ்சம் இளைப்பாறலாம்னுதான் கூப்பிட்டாரு (31ம் வசனம்).

இத செஞ்சு பாருங்க: ஒரு மத்தியானம் வேலைய கட் பண்ணிட்டு தூங்க விடுங்க. அப்புறம் "தேவன் உன்கிட்ட என்ன பேசினாரு"ன்னு ஆரம்பிக்காதீங்க, சாட்சி சொல்லணுமேன்னு ஒடுங்கிடுவாங்க. "இன்னிக்கு யார் பேர் ஞாபகம் இருக்கு?"ன்னு கேளுங்க. எங்க குரூப்ல கையில காஞ்ச பெயிண்ட்ட சுரண்டிக்கிட்டே இருந்த ஒரு பையன், தனக்கு ஏணி பிடிச்ச தாத்தா பத்தி இருபது நிமிஷம் பேசினான்!

ஆனா ஒன்னு, மத்தவங்க கலகலன்னு ஆனப்புறமும் ஒரே ஒரு பிள்ள மட்டும் ஒதுங்கி இருந்தா அது டயர்ட்னு விட்டுடாதீங்க. மத்தவங்க கண்ணுல படுற இடத்துல உக்காந்து பேசுங்க, மூடின ரூம்ல வேணாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க.