செஃப் கிளஸ்டர் அப்கிரேட்: கேள்வி பதில்

செஃப் (பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாக்கும் மென்பொருள்) கிளஸ்டரை ஓட்டத்திலேயே அடுத்த வெர்ஷனுக்குக் கொண்டுபோவது பற்றிக் கேளுங்கள். நோடு என்பது ஒரு சர்வர், மானிட்டர் கிளஸ்டர் நிலையைக் கண்காணிப்பது, ஓஎஸ்டி ஒரு டிஸ்க்கைக் கவனிக்கும் புராசஸ், பிஜி ஆப்ஜெக்ட்டுகளின் தொகுப்பு. இப்போதைய வெர்ஷன் என்ன, எத்தனை ரெப்ளிகா (டேட்டாவின் காப்பி), பேக்கேஜா கன்டெய்னரா என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: நாட்டிலஸ் 14, பேக்கேஜ் முறை. 5 நோடு, 3 மானிட்டர், 40 ஓஎஸ்டி, 3 ரெப்ளிகா. நேரே ரீஃப் 18க்குப் போகலாமா?

பதில்: போக முடியாது. ஒரு தாவலுக்கு அதிகபட்சம் இரண்டு மேஜர் வெர்ஷன். உங்கள் வழி 14, 16, 18.

கிளம்பும் முன் இரண்டைப் பாருங்கள். ஒன்று, மானிட்டர் டேட்டா டைரக்டரிக்குள் இருக்கும் 'கேவி_பேக்கெண்ட்' ஃபைல். அதில் லெவல்டிபி (பழைய டேட்டாபேஸ்) என்றிருந்தால் அந்த மானிட்டரை அழித்து ராக்ஸ்டிபியில் மறுபடி உருவாக்குங்கள். குவின்சி 17 முதல் லெவல்டிபி இல்லை. இன்னொன்று, 'செஃப் ஓஎஸ்டி கவுண்ட்-மெட்டாடேட்டா ஓஎஸ்டி_ஆப்ஜெக்ட்ஸ்டோர்'. ஃபைல்ஸ்டோர் (ஓஎஸ்டி டேட்டாவை வைக்கும் பழைய முறை) ஒன்று இருந்தாலும் ரீஃபுக்கு முன் புளூஸ்டோருக்கு மாற்றியாக வேண்டும்.

வரிசை: மானிட்டர், மேனேஜர், ஓஎஸ்டி, எம்டிஎஸ் (ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டா சர்வர்), ஆர்ஜிடபிள்யூ (ஆப்ஜெக்ட் கேட்வே). மூன்று மானிட்டரில் இரண்டு இருந்தால்தான் குவோரம் (பெரும்பான்மை), அதனால் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்து, அது குவோரத்தில் சேர்ந்த பிறகே அடுத்தது. மூன்றும் முடிந்தபின் 'செஃப் மான் டம்ப்' எடுத்து 'மின்_மான்_ரிலீஸ்' புது எண்ணுக்கு வந்ததா என்று பார்க்கவும். ஓஎஸ்டிக்கு நோடு நோடாகப் போங்கள்: 'செஃப் ஓஎஸ்டி ஓகே-டு-ஸ்டாப்' கட்டளைக்கு அந்த நோடின் ஓஎஸ்டி எண்களைக் கொடுங்கள், சரி என்றால் ரீஸ்டார்ட், எல்லா பிஜியும் ஆக்டிவ்+கிளீன் ஆகும்வரை கை கட்டிக்கொண்டு இருங்கள்.

பலர் சறுக்குவது மானிட்டரும் ஓஎஸ்டியும் ஒரே நோடில் இருக்கும்போது. பேக்கேஜ் மாறினாலும் ஓடுகிற புராசஸ் பழையதுதான். ஆனால் இடையில் ஒரு ஓஎஸ்டி கிராஷ் ஆகித் தானே எழுந்தால் புது வெர்ஷனில் எழும், மானிட்டர்கள் இன்னும் பழையதில் இருக்கும். அதனால் பேக்கேஜ் போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எது உண்மையில் ஓடுகிறது என்பதை 'செஃப் வெர்ஷன்ஸ்' சொல்லும்.

16க்குப் போகையில் 'புளூஸ்டோர்_எஃப்எஸ்சிகே_குயிக்_ஃபிக்ஸ்_ஆன்_மவுண்ட்' ஃபால்ஸ் ஆகவே இருக்கட்டும். அது ட்ரூ ஆக இருந்தால் ஓமேப் கீக்கள் (ஆப்ஜெக்ட்டோடு சேர்த்து வைக்கும் கீ-வேல்யூ டேட்டா) கெட்டுப்போகும் பிழை ஒன்று இருந்தது, 16.2.7இல்தான் திருத்தினார்கள். அதற்கு முந்தைய 16 எதையும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: நோஅவுட் (ஓஎஸ்டியை அவுட் ஆக்காதே என்னும் கொடி) கட்டாயமா சார்? ரீஸ்டார்ட் ஒரு நிமிடம்தானே.

பதில்: டவுன் ஆன ஓஎஸ்டியை 600 விநாடி கழித்து கிளஸ்டர் அவுட் ஆக்கும். நோடு பூட் ஆகாமல் நின்றால் பத்து நிமிடத்தில் டேட்டா நகரத் தொடங்கிவிடும். போடுங்கள். ஒரு நோடுக்கு மட்டும் வேண்டுமானால் 'செட்-குரூப் நோஅவுட்' இருக்கிறது.

கேள்வி: நோஅவுட்டோடு நோரீபேலன்ஸ், நோபேக்ஃபில், நோரிகவர் எல்லாம் போட்டுவிட்டுத்தான் நாங்கள் தொடங்குவோம். கிளஸ்டர் அமைதியாக இருக்கும். நீங்கள் ஏன் சொல்லவில்லை?

பதில்: நோரீபேலன்ஸ் போடுங்கள், கெடுதல் இல்லை. நோரிகவர் கூடாது. முதல் நோடு நின்ற இரண்டு நிமிடத்தில் வந்த ரைட்டுகள் மற்ற இரண்டு காப்பிகளில் மட்டும் இருக்கும். நோடு எழுந்ததும் அவற்றைப் பிடித்துக்கொள்வதுதான் ரிகவரி. அதைத் தடுத்துவிட்டு அடுத்த நோடை நிறுத்தினால், அந்த ஆப்ஜெக்ட்டுகளின் புது காப்பி ஒரே டிஸ்க்கில். அந்த டிஸ்க் போனால் அந்த ரைட்டுகளும் போயின.

மறுப்பு: அந்த டிஸ்க் அதே அரை மணியில் போக வாய்ப்பு எவ்வளவு? ரிகவரியால் விஎம்கள் திணறுவதோ ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

பதில்: ரீஸ்டார்ட் நேரத்தில்தான் பழைய டிஸ்க்குகள் எழ மறுக்கும், வாய்ப்பைச் சாதாரண நாள் கணக்கில் பார்க்காதீர்கள். தவிர, இது முழு டிஸ்க்கை நகலெடுக்கும் பேக்ஃபில் இல்லை; பிஜி லாகில் உள்ள வித்தியாசம் மட்டும். சிறிய நிறுத்தமென்றால் சீக்கிரம் முடியும்.

மறுப்பு: எங்களிடம் முடியவில்லை. 'ஓஎஸ்டி_மேக்ஸ்_பேக்ஃபில்ஸ்' 1 ஆக்கியும் லேட்டன்சி ஏறுகிறது. குவின்சி 17.

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 17 முதல் எம்கிளாக் ஷெட்யூலர்தான் (கிளையன்ட்டுக்கும் ரிகவரிக்கும் ஐஓவைப் பங்கிடுவது) டீஃபால்ட். அது அந்த எண்ணைத் தானே வைத்துக்கொள்கிறது, நீங்கள் கொடுத்ததை எடுத்துக்கொள்வதில்லை. 'ஓஎஸ்டி_எம்கிளாக்_ப்ரொஃபைல்' என்பதை 'ஹை_கிளையன்ட்_ஆப்ஸ்' ஆக்கிப் பாருங்கள். அப்படியும் திணறினால் அப்கிரேடை இரவுக்குத் தள்ளுங்கள். ரிகவரியைப் பூட்டாதீர்கள்.

மறுப்பு: ப்ரொஃபைலை மாற்றிப் பார்க்கிறேன். நோபேக்ஃபில்லை மட்டும் விட மாட்டேன்.

பதில்: வைத்துக்கொள்ளுங்கள், நோஅவுட் இருக்கையில் பேக்ஃபில்லுக்குப் பெரும்பாலும் வேலையே வராது. ஆனால் பிஜி கிளீன் ஆகாமல் நின்றால் முதலில் எடுக்க வேண்டியது அந்தக் கொடியைத்தான்.

கேள்வி: ஆக்டோபஸிலிருந்து ஸ்க்விட்?

பதில்: முதல் பதில். 15, 17, 19.

கேள்வி: 2 ரெப்ளிகா, மின்_சைஸ் 2. டவுன்டைம் இல்லாமல் முடியுமா அண்ணா?

பதில்: முடியாது. மின்_சைஸ் என்பது ஐஓவுக்குத் தேவையான குறைந்தபட்ச காப்பி, அதனால் ஒரு ஓஎஸ்டி நின்றாலே அதன் பிஜிகளில் ஐஓ நிற்கும். மின்_சைஸை 1 ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். இடமிருந்தால் முதலில் 3 ரெப்ளிகா ஆக்குங்கள். நியர்ஃபுல் எச்சரிக்கை 85 சதவீதத்தில் வரும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செஃப்எஃப்எஸ்ஸில் (செஃபின் ஃபைல் சிஸ்டம்) இரண்டு ஆக்டிவ் எம்டிஎஸ். பேக்கேஜ் முறை.

பதில்: 'அலவ்_ஸ்டாண்ட்பை_ரீப்ளே' ஃபால்ஸ், 'மேக்ஸ்_எம்டிஎஸ்' 1. ரேங்க் 0 மட்டும் மிஞ்சும்வரை பொறுங்கள். ஸ்டாண்ட்பைகளை நிறுத்தி, மிஞ்சியதை அப்கிரேட் செய்து ரீஸ்டார்ட். பிறகு ஸ்டாண்ட்பைகளை எழுப்பி, பழைய எண்ணைத் திரும்ப வையுங்கள்.

கேள்வி: செஃப்ஏடிஎம் (கன்டெய்னர் முறைக் கருவி) அப்கிரேட் தொடக்கத்திலேயே நிற்கிறது.

பதில்: எத்தனை மேனேஜர்? ஒன்று என்றால் காரணம் அதுதான், ஸ்டாண்ட்பை ஒன்று வேண்டும். இரண்டு இருந்தால் 'செஃப் ஆர்க் அப்கிரேட் ஸ்டேட்டஸ்' காட்டுவதைப் போடுங்கள். அடுத்த சந்தேகம் இமேஜ் இறங்காதது.

கேள்வி: ரூக்கில் (குபெர்னெட்டீஸில் செஃப் ஓட்டுவது) ஆபரேட்டரை முதலில் மாற்றுவதா?

பதில்: ரூக் என் களம் இல்லை. அதன் அப்கிரேட் கைடைப் பாருங்கள்.

கேள்வி: 14லிருந்து 15க்கு வந்தோம். மானிட்டர்கள் சரி. ரீஸ்டார்ட் செய்த முதல் ஓஎஸ்டி ஓடுகிறது, ஆனால் டவுன் என்றே காட்டுகிறது.

பதில்: மானிட்டர் லாகில் 'டிஸ்அலோவிங் பூட்' என்று தேடுங்கள். 'ரிகொயர்_ஓஎஸ்டி_ரிலீஸ்' இன்னும் லூமினஸில் (12) நிற்கும். 14க்கு வந்தபோது கடைசிக் கட்டளையை விட்டிருக்கிறீர்கள். மற்ற ஓஎஸ்டிகளைத் தொடாமல் 'செஃப் ஓஎஸ்டி ரிகொயர்-ஓஎஸ்டி-ரிலீஸ் நாட்டிலஸ்' கொடுத்துவிட்டு, நின்ற ஓஎஸ்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: மைமிக் 13இலிருந்து ரீஃப் நேரடியாக...

பதில்: மூன்றாவது தடவை. இரண்டு இரண்டாக எண்ணுங்கள்.

கேள்வி: பிடிக்கவில்லை என்றால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பலாமா?

பதில்: இல்லை. முதல் மானிட்டர் மாறியதிலிருந்தே திரும்பும் வழி மூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போய்த்தான் சரிசெய்ய வேண்டும்.

கேள்வி: ரீஃப் முடிந்தது, நோஅவுட் எடுத்தாயிற்று, 'செஃப் வெர்ஷன்ஸ்' முழுக்க 18. ஆனாலும் ஹெல்த்_வார்ன் போகவில்லை.

பதில்: 'செஃப் ஓஎஸ்டி ரிகொயர்-ஓஎஸ்டி-ரிலீஸ் ரீஃப்'. மூன்று கேள்வி மேலே டவுன் ஆன ஓஎஸ்டியோடு ஒருவர் இருக்கிறார், அவர் விட்டதும் இதே கட்டளையைத்தான்.