குழந்தைகளோடு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குக் காரில் போக எப்படித் திட்டமிடுவது?

எங்கே தங்குவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான். பூங்கா மிகப் பெரியது. உள்ளே வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 மைல். பைசன் என்ற காட்டெருமைக் கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் வண்டி நகரவே நகராது. ஓநாய் பார்க்க ஆசை என்றால் விடியும்போதே வடகிழக்கிலுள்ள லாமர் பள்ளத்தாக்கில் இருக்க வேண்டும். அதனால் வடக்கு வாசலில் கார்டினர் ஊரில் இரண்டு இரவாவது தங்குங்கள். பிள்ளைகளைத் தூக்கத்தோடு காரில் ஏற்றி, போர்வையும் பைனாகுலரும் எடுத்துக்கொண்டால் போதும். ஓல்டு ஃபெயித்ஃபுல் வெந்நீரூற்றை இன்னொரு நாளுக்கு வையுங்கள்.

குளிர்காலத்தில் உள்சாலைகள் பெரும்பாலும் கார்களுக்கு மூடியிருக்கும். கரடி, ஓநாயிடம் 100 கஜம், பைசனிடம் 25 கஜம் தள்ளி நிற்பது கட்டாயம். இதைப் பிள்ளைகளுக்குக் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.